மூட்டுவலியும் ஒரு ஃபார்வர்டு மெசேஜும்



மூன்று நாளாக நம் குரூப்புகளில் ஒரு செய்தி சுற்றுகிறது. முடக்குவாதத்துக்குக் காரணம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் வைரஸாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அவர்கள் சூரணத்தைச் சாப்பிட்டால் அந்த வைரஸ் செத்துவிடுமாம். அனுப்பியவர்களில் என்னிடம் அறிவியல் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்து.

உண்மை எது? பல லட்சம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் கருமுட்டையிலும் விந்தணுவிலும் புகுந்த ரெட்ரோவைரஸ்கள், தங்கள் மரபணுவை அங்கேயே விட்டுச் சென்றன. மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 8 சதவீதம் அப்படி வந்ததுதான். பெரும்பாலும் சிதைந்துபோனவை. முடக்குவாதக்காரர்கள் சிலரின் ரத்தத்தில், ஹெர்வ்-கே என்ற வகைக்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக இருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆடுகளுக்கு வெளியிலிருந்து தொற்றும் ஒரு ரெட்ரோவைரஸ் மூட்டை வீங்க வைக்கிறது. ஆகவே சந்தேகம் நியாயமானதே.

பொய் எது? அந்த 8 சதவீதம் எல்லோரிடமும் இருக்கிறது. எழுபது வயதிலும் மாடிப்படி ஏறும் என் வீட்டுக்காரரிடமும் இருக்கிறது. இருப்பதே காரணம் என்றால் அவருக்கும் வந்திருக்க வேண்டுமே! ஆன்டிபாடி கூடியதால் நோயா, நோயால் ஆன்டிபாடி கூடியதா? இன்னும் முடிவாகவில்லை. தவளை கத்தும்போது மழை பெய்கிறது. தவளையா மழையைக் கொண்டுவந்தது?

சரி, நாளைக்கே நிரூபணமாகட்டும். ஒவ்வொரு செல்லின் மரபணுவிலும் எழுதியிருப்பதை எந்தச் சூரணம் அழிக்கும்? காரணம் எதுவானாலும், மூட்டைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள்தான்.

எனக்கே முடக்குவாதம். சில வருஷம் முன்பு இப்படி ஒரு பேச்சை நம்பி ஆறு மாதம் மாத்திரையை விட்டேன். திரும்பத் தொடங்கியதும் வலி அடங்கியது. கோணிய விரல்கள் நிமிரவில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கையால் பேத்தியின் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அரித்துப்போன மூட்டு திரும்ப வளராது, பிள்ளைகளே.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குரூப்பில் வைத்தியம் கேட்காதீர்கள்.

அனுப்பியவர்கள் பேரைச் சொல்லவில்லை. இன்று இரவுக்குள் அதை அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களிடமும் தவறு என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் போன் போட்டு விசாரிப்பேன்.

உங்கள் டீச்சர்