முனை மழுங்கிய போல்ட்... முரட்டுத்தனம் உதவாது!

கேள்வி: 'சந்தைக்குக் காய்கறி ஏற்றிச்செல்லப் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறோம். இன்ஜின் ஆயில் மாற்றும்போது, அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. எந்த ஸ்பேனர் போட்டாலும் வழுக்குகிறது. வெல்டிங் வைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?'

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: ஆயில் உள்ளே இருக்கும்போது அந்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடேறிய எண்ணெயும் அதன் ஆவியும் தீப்பிடிக்கும். ஆயிலை வடித்துவிட்டாலும் ஆவி உள்ளே தங்கியிருக்கும். அதனால் வெல்டிங் என்ற யோசனையை இந்த போல்ட்டைப் பொறுத்தவரை விட்டுவிடுவதே நல்லது. வேறு வழிகள் இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். ஸ்பேனர் முதல் தடவை வழுக்கியதுமே நிறுத்திவிட வேண்டும். போல்ட்டில் ஸ்பேனர் பிடிப்பது அதன் ஆறு மூலைகளில்தான். ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் அந்த மூலைகள் இன்னும் கொஞ்சம் தேயும். மூன்று, நான்கு முறை முயன்ற பிறகு பட்டறைக்குப் போனால், எளிதாக முடிந்திருக்க வேண்டிய வேலை பெரிய வேலையாகிவிடும்.

வண்டி உடனே ஓட வேண்டும் என்ற அவசரம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய ஹோஸ் விட்டு, கை பம்ப்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். வெளியே வந்த ஆயிலை அளந்து, அதே அளவு புதிய ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கில் சரிபார்க்க வேண்டும். அடியில் கொஞ்சம் கசடு தங்கும் என்பதால் எப்போதும் இப்படியே செய்யக் கூடாது. ஒரு முறைக்குப் பாதகமில்லை. போல்ட்டை நிதானமாகக் கழற்ற அவகாசம் கிடைக்கும்.

ஏன் மழுங்குகிறது?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, கடந்த முறை பூட்டியவர் ஸ்பேனரில் பைப் மாட்டி அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார். இரண்டு, ஸ்க்ரூ ஸ்பேனரோ, வாய் அகன்ற பழைய ஸ்பேனரோ பயன்படுத்தியிருப்பார்கள். மூன்று, அளவு பொருந்தாத ஸ்பேனர். பழைய வண்டிகளிலும், பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய டிராக்டர்களிலும் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர் என்பதால் 19-ம் நம்பர் ஸ்பேனர் ஏறத்தாழ சரியாகப் பொருந்தும். ஆனால், 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர். அதில் 14 நுழையாது; 15 போட்டால் ஆடும். ஆடுகிற ஸ்பேனர்தான் மூலையைத் தின்றுவிடுகிறது.

கழற்றும் முன்...

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் ஆகியவை பாரத்தில் திடீரென்று நொறுங்கிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். மேலிருந்து துரும்பும் துருவும் விழுவது கண்ணில்தான்.

திசையிலும் கவனம் தேவை. போல்ட் தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். மல்லாந்து படுத்திருக்கும்போது பலருக்கும் இது குழம்பிப்போகும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கியதால் மழுங்கிய போல்ட்டுகளும் உண்டு.

ஒவ்வொரு படியாக...

படி 1: போல்ட் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயால் துடைக்க வேண்டும். அழுக்கு இருந்தால் ஸ்பேனர் முழுதாக உட்காராது. ஆயில் சம்ப் அலுமினியமாக இருந்தால், இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தலாம். வெப்பத்தில் அலுமினியம், இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் பிடிப்பு கொஞ்சம் தளரும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் ஆயில் கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும்.

படி 2: ரிங் ஸ்பேனர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளே பன்னிரண்டு மூலைகள் இருக்கும். மழுங்கிய போல்ட்டில் இது வழுக்கும். ஆறு மூலை கொண்ட சாக்கெட், மூலையை விட்டுப் பக்கவாட்டிலும் பிடிக்கும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் ஆடினால், ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். 17 நம்பர் தலை தேய்ந்திருந்தால் 16 சாக்கெட், 19 தேய்ந்திருந்தால் 18 என்று முயலலாம். இப்படித் தட்டுவதால் ஏற்படும் அதிர்விலேயே பாதிப் பிடிப்பு விட்டுவிடும்.

படி 3: மூலைகள் சுத்தமாகப் போய்விட்டால், தலையின் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தட்டையாக ராவி, சிறிய ஸ்பேனரைப் பொருத்தலாம். தலை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பைப் ரிஞ்ச் நல்ல பலன் தரும். இழுக்க இழுக்க அதன் பற்கள் இறுகிக்கொள்ளும். வைஸ் கிரிப்பும் பயன்படும்.

படி 4: இதற்கென்றே, உள்ளே சுருள் பற்கள் கொண்ட சாக்கெட்டுகள் டூல்ஸ் கடைகளில் கிடைக்கின்றன. மழுங்கிய தலைமேல் வைத்து அடித்து ஏற்றி, கழற்றும் திசையில் சுற்றினால் பற்கள் தலைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஊரில் நான்கைந்து வண்டிகள் இருந்தால், பொதுவில் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் படியிலும், வெட்டி இழுக்காமல் சீராக விசை கொடுக்க வேண்டும். ஸ்பேனரைத் தள்ளுவதைவிடத் தன் பக்கமாக இழுப்பது பாதுகாப்பானது. வழுக்கினாலும் விரல் முட்டி இரும்பில் மோதாது. சுற்றும்போது பிடிப்பு விட்டு லேசாகாமல், ரப்பரை முறுக்குவதுபோல் இழுபட்டால் உடனே நிறுத்த வேண்டும். போல்ட் முறியப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. அந்த நிலையில், டிப்ஸ்டிக் வழியே ஆயிலை எடுத்துவிட்டு, சம்ப்பைக் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்துப் பார்க்கச் சொல்வதே சரி. போல்ட் போனால் போல்ட் விலை; மரை போனால் சம்ப் விலை.

திரும்பப் பூட்டும்போது...

பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. அதைக் கடைக்குக் கொண்டுபோய், அதே தடிமன், அதே மரை உள்ள புதிய போல்ட்டும் புதிய வாஷரும் வாங்க வேண்டும். முதல் சில சுற்றுகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். கையால் ஏறாவிட்டால் மரை மாறிப் பிடிக்கிறது என்று பொருள். சிறிய கார்கள் பலவற்றில் இந்த போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். அதாவது, ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இதற்குப் பைப் மாட்டத் தேவையே இல்லை. ஆயில் கசிவைத் தடுப்பது வாஷர்தான், இறுக்கம் அல்ல. ஆயில் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, அடியில் சொட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய ஆயிலை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், கேனில் சேர்த்துக் கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

கேள்வி: 'ரோட்டவேட்டர் கத்தியின் போல்ட்டுகளுக்கும் இதே முறைதானா?'

- வாசகர், மன்னார்குடி.

பதில்: இல்லை. அங்கே பிடித்துக்கொள்வதற்குக் காரணம் சேறும் துருவும். டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்து, பி.டி.ஓ இணைப்பை விலக்கி, ரோட்டவேட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். மண்ணைச் சுரண்டிவிட்டு, துரு நீக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே விட்டு, நட்டைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டிவைத்தால், காலையில் பெரும்பாலானவை கழன்றுவிடும். கழலாதவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நட்டைக் கிரைண்டரால் அறுத்தோ, உளியால் பிளந்தோ எடுத்துவிடலாம். புதிதாகப் போடும் போல்ட்டின் தலையில், பழையதில் உள்ள அதே தர எண் (8.8, 10.9 போன்றவை) இருக்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரண போல்ட்டைப் போட்டால் ஓட்டத்தில் முறிந்து, கத்தி தெறித்துவிடும். உழவு முடிந்ததும் தினமும் மண்ணைக் கழுவி, மரைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவிவைத்தால், அடுத்த பட்டத்தில் இந்தச் சிக்கலே வராது.