ஸ்கிம்மரை மாத்தறதுக்கு முன்னாடி...

ரெண்டு வாரமா காஸ்ட் அக்கவுண்டிங் பத்தியே எழுதி உங்களை அறுத்தாச்சு. இந்த வாரம் மீன் :)

வீட்டில் கடல் மீன் தொட்டி வெச்சிருக்கற ரெண்டு பேர் சந்திச்சா, பேச்சு எப்படியும் புரோட்டீன் ஸ்கிம்மரில் வந்து நிக்கும். தண்ணி சரியில்லையா? பெரிய ஸ்கிம்மர் போடு. பாசி படியுதா? பெரிய ஸ்கிம்மர் போடு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்கிம்மருக்குள்ளே உப்புத் தண்ணியோட பொடிப்பொடியா காத்துக் குமிழிகள் கலக்கும். மீன் கழிவு, மிச்சத் தீனியிலிருந்து கரையும் புரதம், கொழுப்பு எல்லாம் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கிட்டு, நுரையா மேலே ஏறி ஒரு கப்பில் விழும். பார்க்க டிகாஷன் மாதிரி இருக்கும், வாசனை மட்டும் வேற! நல்ல தண்ணியில் குமிழிகள் சீக்கிரம் ஒண்ணு சேர்ந்து பெருசாயிடும். அதனால் கப்பி வளர்க்கறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அழுகி அம்மோனியா ஆகறதுக்கு முன்னாடியே கழிவை வெளியே எடுக்கறதுதான் இதோட பெருமை. ஏற்கெனவே நைட்ரேட்டா மாறினதை இது எடுக்காது. அதுக்குத் தண்ணி மாத்தித்தான் ஆகணும்.

சரி, எதைப் பார்த்து வாங்கறது? டப்பாவில் "500 லிட்டர் வரை"ன்னு போட்டிருக்கும். ரெண்டு கோமாளி மீன் இருக்கற 500 லிட்டரா, பத்து மீன் மூணு வேளை சாப்பிடற 500 லிட்டரா? ஸ்கிம்மருக்கு வேலை கொடுக்கறது லிட்டர் இல்லை, தீனி. மீன் நிறைய இருந்தா டப்பாவில் போட்டதில் பாதியைத்தான் நான் நம்புவேன். 90 x 45 x 45 செ.மீ. தொட்டின்னா சுமார் 182 லிட்டர். கல், மணல் போனா இன்னும் குறைவு. அதில் ரெண்டே மீனை விட்டுட்டு ராட்சச ஸ்கிம்மர் வெச்சா, நுரை கப் வரைக்கும் ஒழுங்கா ஏறாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவர் குழுவும் 2009இல் சில ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தாங்க. தண்ணியில் இருந்த ஆர்கானிக் கார்பனில் 20-30 சதவீதம்தான் வெளியே வந்தது. ஒரு மாடலுக்கும் இன்னொண்ணுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. அப்போ விலை அதிகமா இருந்தா வேலையும் அதே அளவு அதிகம்னு எப்படிச் சொல்ல முடியும்?

வாங்கற விலை ஒரு தடவை, ஓட்டற செலவு தினமும். 25 வாட் பம்ப் வருஷம் முழுக்க ஓடினா 219 யூனிட். 10 வாட்னா 88 யூனிட்கூட வராது. கரண்ட் பில் கட்டறது அப்பா, அதனால் இந்தக் கணக்கை யாரும் போடறதில்லை.

பழைய ஸ்கிம்மர் சரியா நுரைக்கலைன்னா முதலில் இதையெல்லாம் பாருங்க:

1. கப்பின் கழுத்தில் பிசுக்கு இருக்கா? துடைச்சு விடுங்க.
2. பம்பில் சுண்ணாம்பு படிஞ்சிருந்தா வினிகரில் ஊற வைங்க. காத்து வர்ற குழாயில் உப்பு அடைச்சிருக்கான்னும் பாருங்க.
3. சம்ப்பில் தண்ணி மட்டம், தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் ஒரே மாதிரி நிக்குதா?
4. தீனியைக் குறைச்சுப் பார்த்தாச்சா?

இத்தனையும் செஞ்ச பிறகும் நைட்ரேட் ஏறிக்கிட்டே இருந்து, மீன் எண்ணிக்கையும் தொட்டிக்குத் தகுந்த மாதிரி இருந்தா, தாராளமா மாத்துங்க. பெரிய ஸ்கிம்மர் தண்ணியில் ஆக்சிஜனையும் கூட்டும், மறுக்கலை. புதுசு ஓரிரு வாரம் பழகின பிறகுதான் ஒழுங்கா நுரைக்கும், அதுவரைக்கும் திருகிக்கிட்டே இருக்காதீங்க.

ஆனா மீன் அதிகமா இருக்கறதுதான் பிரச்சினைன்னா, பதில் ஸ்கிம்மர் இல்லை. பெரிய ஸ்கிம்மர் வந்ததும் பலரும் செய்யற முதல் காரியம், இன்னும் ரெண்டு மீன் வாங்கி விடறது! கோமாளி மீனை மண்டபத்தில் இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க. கடைக்கு வர்ற கடல் மீன்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை, பவளப் பாறையிலிருந்து பிடிச்சு வந்தவை. ராத்திரி கரண்ட் போய் பம்ப் நின்னா, நெரிசலான தொட்டியில் மூச்சு முட்டறது அதுங்களுக்குத்தான். எத்தனை மீன்னு முதலில் முடிவு பண்ணுங்க, ஸ்கிம்மரை அப்புறம் பார்க்கலாம்.