ஜஸ்டிஸ் லீக்: ரசிகர்கள் ஜெயித்ததும் தோற்றதும்

ஒரு படம் ஊத்திக்கொண்டால் ரசிகன் என்ன செய்வான்? இரண்டு நாள் புலம்புவான், இயக்குனரை நாலு வார்த்தை திட்டுவான், அடுத்த வாரம் வேறு படத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவான். வழக்கம் அதுதான். ஆனால் 2017 நவம்பரில் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. மூன்று வருடத்துக்கும் மேல் விடாமல் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதே படத்தை வேறொரு படமாகவே வாங்கிவிட்டார்கள் அதன் ரசிகர்கள்!

இதைச் சிலர் ரசிகர்களின் மாபெரும் வெற்றி என்கிறார்கள். சிலர் இணைய ரவுடித்தனம் என்கிறார்கள். இரண்டு பேரும் பாதிதான் பார்க்கிறார்கள்.

முதலில் கதைக்கு முன் கதை. 2012-ல் மார்வெலின் 'தி அவெஞ்சர்ஸ்' 150 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. தனித்தனியாக இருந்த ஹீரோக்களை ஒரே படத்தில் சேர்த்தால் இவ்வளவு காசா என்று ஹாலிவுட்டே வாயைப் பிளந்தது. பேட்மேன், சூப்பர்மேன், வொண்டர் உமன், ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் என்று ஆறு பேரைக் கையில் வைத்திருந்த வார்னர் பிரதர்ஸ் சும்மா இருக்குமா? 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013), 'பேட்மேன் வி சூப்பர்மேன்' (2016) எடுத்த சாக் ஸ்னைடரிடமே 'ஜஸ்டிஸ் லீக்' படத்தையும் கொடுத்தது.

2017 மார்ச்சில் ஸ்னைடரின் மகள் ஆட்டம் தற்கொலை செய்துகொண்டார். வயது 20. வேலையில் மூழ்கினால் துக்கம் குறையும் என்று முயன்று பார்த்த ஸ்னைடர், முடியாமல் மே மாதம் விலகினார். அவெஞ்சர்ஸ் எடுத்த அதே ஜோஸ் வீடன் உள்ளே வந்தார். புதுக் காட்சிகள் எழுதப்பட்டன, பல காட்சிகள் திரும்ப எடுக்கப்பட்டன, படம் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கப்பட்டது. அந்த நேரம் பார்த்து ஹென்றி கேவில் 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக மீசை வளர்த்திருந்தார், அதை எடுக்கவும் அனுமதி இல்லை. சூப்பர்மேனின் மீசையை கம்ப்யூட்டரில் மழித்தார்கள். திரையில் அவர் மேலுதட்டைப் பார்த்துத் தியேட்டர் சிரித்தது.

ஒரே படத்துக்குள் இரண்டு இயக்குனர்களின் படம் முட்டி மோதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சொதப்பல்தான் ஆகும். சுமார் 30 கோடி டாலர் செலவு என்று பேசப்பட்ட படம் உலகம் முழுக்க 65 கோடி டாலருக்குச் சற்று மேல் வசூலித்து நின்றது. கேட்க நல்ல தொகை மாதிரி இருக்கும். தியேட்டர்காரர்கள் பங்கும் விளம்பரச் செலவும் போனால் அது தோல்விக் கணக்கு.

அப்போது ஆரம்பித்ததுதான் 'ஸ்னைடர் கட்டை வெளியிடு' என்ற கோஷம். மனு போட்டார்கள், ட்விட்டரில் அதையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். பலர் சிரித்தார்கள், அப்படி ஒரு வெர்ஷனே கிடையாது என்றார்கள். ரசிகர்கள் அசரவில்லை. காசு சேர்த்து 2019-ல் சான் டியாகோ காமிக்-கான் நடந்தபோது விளம்பரம் செய்தார்கள். அதே வருடம் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் விளம்பரப் பலகை வைத்தார்கள். 2019 நவம்பரில், படம் வந்து இரண்டு வருடம் நிறைந்த நாளில், பென் அஃப்லெக்கும் கேல் கடோட்டும் அதே கோஷத்தை ட்விட்டரில் போட்டார்கள். 2020 மே மாதம் அறிவிப்பு வந்தது. 2021 மார்ச் 18 அன்று எச்.பி.ஓ. மேக்ஸில் படமே வந்துவிட்டது. நான்கு மணி இரண்டு நிமிடம்!

சரி, இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அது தகுதியான படமா?

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்லோ மோஷனை எடுத்துவிட்டால் அரை மணி நேரம் குறைந்துவிடும் போலிருக்கிறது. கதை முடிந்த பிறகும் படம் முடிய மாட்டேன் என்கிறது. ஆனால் இது ஒரே ஆளின் கண்ணால் பார்க்கப்பட்ட படம். அதைவிட முக்கியமான விஷயம், சைபார்க்.

2017 படத்தில் சைபார்க் ஒரு துணைப் பாத்திரம். இரும்பு உடம்போடு வருவார், கம்ப்யூட்டரில் ஏதோ செய்வார், போய்விடுவார். 2021 படத்தில் அவர்தான் இதயம். கால்பந்து ஆடும் கல்லூரிப் பையன், அவன் ஆட்டத்தைப் பார்க்க வராத விஞ்ஞானி அப்பா, காரில் நடக்கும் விபத்து, அம்மாவின் மரணம், பாதி உடம்பை இழந்த மகனை வேற்றுலகப் பெட்டியின் சக்தியால் எழுப்பும் அப்பா, அதை மன்னிக்க முடியாத மகன்.... பிறகு அந்த அப்பாவே மகன் கண்முன் உயிரை விடுகிறார். கடைசிச் சண்டையில் அந்தப் பெட்டிகள் அவன் குடும்பத்தை முழுதாகக் காட்டி ஆசை காட்டும்போது, அவன் அந்தப் பொய்யை வேண்டாம் என்கிறான். இதில் பெரும்பகுதி 2017-ல் காணாமல் போயிருந்தது. கியர்சி கிளெமன்ஸ் நடித்த ஐரிஸ் வெஸ்ட் பாத்திரம் அந்தப் படத்தில் ஒரு நொடிகூட இல்லை.

சைபார்க்காக நடித்தவர் ரே ஃபிஷர். நாடக மேடையிலிருந்து வந்தவர், பெரிய நட்சத்திரம் இல்லை. 2020 ஜூலையில் அவர், மறுபடப்பிடிப்பில் வீடன் எல்லோரையும் மிக மோசமாக நடத்தினார் என்று வெளிப்படையாகச் சொன்னார். வீடன் 2022-ல் ஒரு பேட்டியில் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒரு புறம் இருக்கட்டும். வெட்டி எறியப்பட்ட ஒரு நடிகனின் உழைப்பு திரும்பி வந்தது ரசிகர்கள் கேட்டதால்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தின் நினைவாக அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளைக்கு இந்த ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். படம் வெளிவந்த சமயத்தில் அது 5 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு சூப்பர் ஹீரோ படத்துக்காகச் சண்டை போட்டவர்கள், முகம் தெரியாத யாரோ ஒருவரின் உயிரைக் காப்பாற்றப் பணம் கொடுத்தார்கள். கேலி செய்தவர்கள் இதைச் செய்யவில்லை.

இது ஒரு பாதி. மறு பாதி அவ்வளவு அழகாக இல்லை.

அதே கோஷத்தைச் சொன்னவர்களில் ஒரு பகுதியினர், படம் பிடிக்கவில்லை என்று எழுதிய விமர்சகர்களைத் துரத்தித் துரத்தித் திட்டினார்கள். மார்வெல் பிடிக்கும் என்று சொன்னவன் எதிரி ஆனான். ஸ்டுடியோ அதிகாரிகளுக்கு மிரட்டல்கள் போயின. 2021 மார்ச்சில், படம் வந்த சில நாட்களிலேயே, வார்னர் நிர்வாகி ஆன் சார்னாஃப் இந்த நடத்தையைப் பேட்டியிலேயே கண்டிக்க வேண்டி வந்தது. அதே பேட்டியில் அவர் ஸ்னைடரின் கதையைத் தொடரும் திட்டம் இல்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த கோஷம் கிளம்பியது!

2022 ஜூலையில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்டுடியோ எடுக்கச் சொன்ன ஆய்வில், இந்தப் பேச்சில் கலந்துகொண்ட கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று தெரியவந்ததாம். சாதாரணமாக இது 3 முதல் 5 சதவீதம் வரைதான் இருக்குமாம். உடனே ஒரு கூட்டம் "பார்த்தீர்களா, எல்லாமே போலி" என்று குதித்தது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? 13 சதவீதம் போலி என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சமிருக்கும் பெரும்பான்மை நிஜ மனிதர்கள். நன்கொடை கொடுத்தவர்களும் நிஜம், வசை பாடியவர்களும் நிஜம். 'அதெல்லாம் போலிக் கணக்கு' என்று சொல்லி எந்தப் பக்கமும் தப்பிக்க முடியாது.

உண்மையில் இந்த ரசிகர்கள் ஜெயித்தது எப்படி? கத்தியதால் என்று அவர்கள் நினைக்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஸ்னைடர் கட் அறிவிப்பு வந்தது 2020 மே 20. எச்.பி.ஓ. மேக்ஸ் தொடங்கியது மே 27. சரியாக ஒரு வாரம்! கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக் கிடந்தன, புதுப் படப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை, புதுக் கடைக்குக் கூட்டம் சேர்க்க ஏதாவது வேண்டும். பெரும்பகுதி எடுத்து முடித்த படம் ஒன்று அலமாரியில் இருந்தது, அதைப் பார்க்க ஒரு கூட்டம் காத்திருந்தது. வியாபாரி கணக்குப் போட்டான். ரசிகர்களின் அன்பு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது உண்மை. கதவைத் திறந்தது வியாபாரத் தேவை.

இதைப் புரிந்துகொள்ளாததுதான் அவர்கள் தோற்ற இடம். சத்தம் போட்டால் கிடைக்கும் என்ற தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு போட்ட சத்தம் கொஞ்சமா நஞ்சமா? ஒன்றும் நடக்கவில்லை. 2022-ல் டிசி படங்களின் பொறுப்பு ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் கைக்குப் போனது. அந்த டிசம்பரில் ஹென்றி கேவில் தான் இனி சூப்பர்மேன் இல்லை என்று அறிவித்தார். 2025 ஜூலையில் புது நடிகரோடு புது 'சூப்பர்மேன்' வந்துவிட்டது. பிடித்த கதை பாதியில் நின்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலிக்காக இன்னொருவரை அழ வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ரசிகனுக்கு உரிமையே கிடையாது, காசு கொடுத்தோமா பார்த்தோமா என்று போக வேண்டியதுதான் என்று சொல்வதும் தவறு. சிதைக்கப்பட்ட படைப்பை முழுதாகக் காட்டு என்று கேட்பது நியாயமான கோரிக்கை. படைத்தவன் பக்கம் நின்று கேட்பது அதைவிட நியாயம். கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம், பலகை வைத்தும் கேட்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்பவனின் வாயை அடைக்கப் போகும்போதுதான் அன்பு அடியாள் வேலையாக மாறுகிறது.

ஸ்னைடரின் படம் ஆட்டத்துக்கான சமர்ப்பண வரியோடு முடிகிறது. தாங்க முடியாத வேதனையில் போய்விட்ட ஒரு பெண்ணுக்குக் காணிக்கையான படம் அது. அவள் பெயரால் 5 லட்சம் டாலர் சேர்த்த அதே கூட்டத்திலிருந்துதான், முகம் தெரியாத விமர்சகருக்கு நடுராத்திரியில் வசை போனது. திரையின் அந்தப் பக்கம் இருப்பவர் அன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறார் என்று அனுப்பியவருக்குத் தெரியுமா?

அடுத்த படம் வரும், அடுத்த சண்டையும் வரும். 'அனுப்பு' பட்டனை அழுத்தும் முன் அந்தச் சமர்ப்பண வரியை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும்.