போனவர்கள் அல்ல, வராதவர்கள்

திருப்பூரில் எனக்கு ஆறு லைன் வீடுகள். தொழில் மந்தமா என்று நான் பேப்பரில் தேடுவதில்லை. மின்கம்பத்தில் ‘டெய்லர் தேவை’ அட்டை தொங்குகிறதா என்றுதான் பார்ப்பேன். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, எங்கள் தெருவில் அட்டைகள் குறைந்தன.

மந்தம் வந்தால் வடக்கத்திப் பையன்கள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்கிறோம். என் வீடுகளில் யாரும் கிளம்பவில்லை. ஓவர்டைம் நின்றது, மூன்று பேர் படுத்த அறையில் ஐந்து பேர் படுத்தார்கள். நின்றது புது வரவுதான். சத் பூஜைக்குப் பீகார் போய் வருபவர் வழக்கமாகத் தம்பியையோ மச்சானையோ கூட்டி வருவார். இந்த முறை தனியாக இறங்கினார். “அங்க வேலையே இல்லண்ணா, இங்க பாதியாச்சும் இருக்கு” என்றார்.

அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த பிளான்சார்டும் கட்ஸும், வேலை குறைந்த மாநிலத்தை விட்டு ஆட்கள் வெளியேறியே அங்கே வேலையின்மை தணிகிறது என்று 1992-ல் எழுதினார்கள். சரிதான், போன இடத்தில் வேலை இருந்தால். 2020 ஊரடங்கில் ஊருக்கு நடந்தவர்கள் வேலை தேடியா போனார்கள்? சோற்றுக்குப் போனார்கள்.

வேலை இழந்த தொழிலாளிக்கு, நிபந்தனைகளோடு, சராசரிக் கூலியில் கால் பங்கை, 2020 முதல் பாதியை, 90 நாள் வரை தரும் திட்டம் இ.எஸ்.ஐ.யில் 2018-ல் வந்தது. என் குடித்தனக்காரர் ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளிமாரே, ஆள் கேட்டு அட்டை கட்டும் அதே கம்பத்தில் இதையும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் கட்டுங்கள்.