காயலான் கடைக்குப் போகும் கடிதங்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ரிச்சி தெருவில் பழைய வன்தட்டு ஒன்றை வாங்கினார். வெற்றுத் தட்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் என்னும் மீட்பு மென்பொருளை விளையாட்டாக அதன்மேல் ஓடவிட்டிருக்கிறார். விடிவதற்குள் மயிலாப்பூர்க்காரர் ஒருவரின் பத்தாண்டு வாழ்க்கை எழுந்து வந்துவிட்டது: வங்கிக் கணக்கு விவரங்கள், பான் அட்டை நகல், மருத்துவ அறிக்கைகள், முற்றுப்பெறாத சிறுகதைகள், அவற்றைப் பற்றிப் பிறர் எழுதிய கடிதங்கள். நண்பர் இதைக் 'கண்டெடுப்பு' என்றார். ஒரு கதையை இங்கே வெளியிடலாமே என்றும் கேட்டார்.

மறுத்தோம். லஸ் முனை நடைபாதைக் கடையில், பழைய புத்தகத்துக்குள் கிடைத்த அஞ்சலட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தானே நீங்கள் என்று திருப்பிக் கேட்டார். நியாயமான குத்தல்தான். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை எண்ணி இன்றும் பெருமூச்சு விடும் கூட்டம் நம்முடையது. ஆனால் அஞ்சலட்டை எழுதியவருக்கு அது பலர் கண்ணில் படும் என்பது தெரியும். புத்தகத்தை எடைக்குப் போட்டவரும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க முடியும். வன்தட்டை விற்றவரோ எல்லாவற்றையும் அழித்தாயிற்று என்று நம்பியே விற்றிருக்கிறார்.

அந்த நம்பிக்கையோடுதான் எங்களுக்குச் சண்டை. கோப்பை 'அழி' என்றால் கணினி கோப்பை அழிப்பதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மட்டுமே நீக்குகிறது. பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நூலையே எரித்ததாக எண்ணிக்கொள்வதற்கு ஒப்பானது இது. அவசர ஃபார்மட்டும் அதே கதைதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் இருவர், கார்ஃபிங்கலும் ஷேலட்டும், பழைய வன்தட்டுகள் 158ஐ வாங்கி ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. வாடிக்கையாளர் விவரங்களோடு வன்தட்டுகளை வெளியே போகவிட்டதற்காக மார்கன் ஸ்டான்லி 2022இல் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது.

'எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்று கேட்கும் எழுத்தாள நண்பர்கள் உண்டு. அடக்கம் போலத் தோன்றும் இது உண்மையில் பொறுப்பின்மை. உங்கள் கணினியில் இருப்பது உங்களுடையது மட்டுமா? சிற்றிதழ் நடத்துபவரின் கணினியில் சந்தாதாரர்களின் முகவரிகள் இருக்கும். (சன்மானம் தரும் அரிய இதழாயின்) எழுத்தாளர்களின் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கும். சக எழுத்தாளரைக் கிழித்து, 'இது நமக்குள்' என்று முடியும் மின்னஞ்சல்களும் இருக்கும். எழுதியவர் நம்பியது உங்களை. உங்கள் தெருக்கோடிக் காயலான் கடையை அல்ல. கடைக்காரரைக் குறைசொல்லவும் நியாயமில்லை, அவர் எடைக்கு வாங்குகிறார்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டதிலிருந்து, தி.நகரிலும் அடையாற்றிலும் நன்றாக ஓடும் கணினிகளே வீட்டைவிட்டு வெளியேறுகின்றன. போகட்டும். அதற்குமுன், சுழலும் தட்டுள்ள வன்தட்டானால் முழுவதையும் ஒருமுறை மேலெழுதிவிடுங்கள். ஏழுமுறை வேண்டும் என்பதெல்லாம் பழங்கதை. எஸ்.எஸ்.டி.க்கு இந்த வைத்தியம் போதாது, மேலெழுதல் எட்டாத மூலைகள் அதில் உண்டு. தயாரித்த நிறுவனமே தரும் அழிப்புக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்; வாங்கிய நாளிலேயே முழு வட்டையும் மறையாக்கம் செய்து வைப்பது அதைவிட உத்தமம். இயங்காத கணினி தானாக ஊமையாகிவிடுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் கோட்டூர்புரத்தில் குப்பைக்குப் போன கணினிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம்: தட்டிலுள்ள காந்தப் பதிவைத் தண்ணீர் கரைத்துவிடாது. திருகாணிகளைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்துத் துளையிடுங்கள். மிச்சத்தைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள் அவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன.

நண்பரின் வன்தட்டை மேலெழுதுவதற்குமுன், அதிலேயே இருந்த எண்ணில் உரியவரை அழைத்துச் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "கதைகளைப் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.