ஜெர்மனி போறீங்களா? அந்த 992 யூரோ உங்க பட்ஜெட் இல்லை

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற பசங்களும் சரி, லோன் பேப்பரில் கையெழுத்துப் போடப் போகிற அப்பா அம்மாவும் சரி, கேட்கிற கேள்வி ஒன்றுதான். "மாசம் 992 யூரோ போதுமா?" வீடியோவில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால உட்கார்ந்து எழுதிட்டேன். பொறுமையா படிங்க.

முதல்ல இந்த 992 எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டணும். அதைப் பன்னிரண்டால் வகுத்தா 992. 2024 செப்டம்பரில்தான் இந்தத் தொகை வந்தது, அதுக்கு முன்னாடி 11,208. "ஜெர்மன் கவர்மென்ட்டே கணக்குப் போட்டு இது போதும்னு சொல்லியிருக்கு சார்" என்று கன்சல்டன்சியில் சொல்வாங்க. கணக்குப் போட்டது உண்மைதான். ஆனா எதுக்காகப் போட்ட கணக்கு? வசதி குறைந்த ஜெர்மன் மாணவர்களுக்கு அந்த அரசாங்கம் கொடுக்கிற பாஃபெக் என்ற உதவித்தொகையின் உச்ச வரம்பு இது. அதைப் பிரிச்சுப் பார்த்தா அன்றாடச் செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவ, பராமரிப்பு இன்சூரன்ஸுக்கு 137.

வாடகைக்கு 380 யூரோ. இந்த ஒரு எண்ணைத்தான் நீங்க மனசுல வச்சுக்கணும். உங்க ரூம் 380க்குள் கிடைத்தால் 992 ஒரு பட்ஜெட். கிடைக்கலைன்னா அது விசாவுக்காகக் காட்டின தொகை, அவ்வளவுதான்.

கெம்னிட்ஸ், மாக்டபர்க், இல்மெனாவ் மாதிரி கிழக்கு ஜெர்மனி ஊர்களில், பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஸ்டூடீரெண்டன்வெர்க் நடத்துகிற ஹாஸ்டலில் இந்தத் தொகைக்குள்ளேயே ரூம் கிடைக்கும். மியூனிக்கில் வெளியே ரூம் தேடுகிறவருக்கு இது பாதி வாடகைக்குக்கூட வராமல் போகலாம். அதனாலதான் சொல்றேன், எந்த ஊர் என்று முடிவு பண்ற அன்னைக்கே உங்க இரண்டு வருஷ பட்ஜெட் முடிவாகிடுது. அதுக்கப்புறம் எக்செல் ஷீட் போட்டு தக்காளி, வெங்காயம் எழுதுறதெல்லாம் சில்லறை விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தருக்கு ஹாஸ்டல் ரூம் 300 யூரோ, இன்னொருத்தருக்கு பெரிய நகரத்தில் 750 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மாசம் 450 வித்தியாசம். 24 மாசத்துக்கு 10,800 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்றே எடுத்துக்கிட்டாலும் 10 லட்சத்து 80 ஆயிரம். 10 சதவீத வட்டியில் லோன் எடுத்திருந்தா, இந்த வித்தியாசத்துக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல வட்டி. இதை சமையல்ல மிச்சம் பிடிச்சு ஈடுகட்டவே முடியாது.

வாடகை மட்டும் இல்லை. "ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ"ன்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா? ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வர்ற மாணவர்களுக்கு 2017லிருந்தே செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். மாசக் கணக்குல அது 250 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு, பாடத்தைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. பெரிய பேர், பெரிய ஊர், பெரிய வாடகை, அது மேல ஃபீஸ்.

"பெரிய ஊர்லதானே கம்பெனி இருக்கு, பார்ட் டைம் கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். கார் கம்பெனிகள் இருக்கிற ஊரில் உங்க படிப்பு சம்பந்தமான வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சம்பளம் இன்னும் உங்க கையில இல்லை. வாடகை முதல் மாசமே போகும், வேலை எப்ப வரும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. ஜெர்மன் மொழி இல்லாம முதல் ஆறு மாசத்தில் கிடைக்கிறது பெரும்பாலும் கிடங்கு வேலை, டெலிவரி வேலை. சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம். அதனால முதல் ஆறு மாச பட்ஜெட்டில் வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்க. வந்தா லாபம். இன்டர்ன்ஷிப்புக்கும் தீசிஸுக்கும் கடைசி ஆறு மாசம் பெரிய ஊருக்கு மாறிக்கலாம். அப்படிப் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க.

இப்ப நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்கிற ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்குறது. ஒரு காபி 3 யூரோ, ஐயோ 300 ரூபாயா! இப்படிப் பெருக்கிப் பெருக்கி, மதியம் மென்சாவில், அதாவது யுனிவர்சிட்டி கேன்டீனில், மலிவு விலையில் கிடைக்கிற சூடான சாப்பாட்டை விட்டுட்டு நூடுல்ஸ் சாப்பிட்டு வயித்தைக் கெடுத்துக்கிறாங்க. அதே ஆளு, ஒரு வருஷ ஜிம் ஒப்பந்தத்தில் யோசிக்காம கையெழுத்துப் போடுவார். ஏன்னா "மாசம் 25 தானே". பெருக்க வேண்டிய இடத்தில் பெருக்காம, பெருக்கக் கூடாத இடத்தில் பெருக்குறோம். என் கருத்து என்னன்னா, ஊர்ல இருந்து பணம் வரும்போதும் லோன் வட்டி பார்க்கும்போதும் மட்டும் ரூபாயில யோசிங்க. கடைக்குள்ள போனா யூரோவில மட்டும். மாசம் சாப்பாட்டுக்கு 200ன்னு ஒதுக்கினா, அந்த 200க்குள்ள 3 யூரோ காபி எத்தனை தடவைன்னு பாருங்க. பதில் தானா வந்துடும்.

முதல் இரண்டு மாசத்தைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கேதான். பிளாக்டு அக்கவுண்ட்டில் பணம் இருக்கு, ஆனா அது உங்க கைக்கு வராது. அங்க போய், விலாசம் பதிவு பண்ணி, ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் மாசாமாசம் 992 விடுவாங்க. இதுக்கு சில வாரம் ஆகலாம். விலாசம் பதியணும்னா ரூம் வேணும். ரூம் வேணும்னா கௌட்சியோன், நம்ம ஊர் அட்வான்ஸ் மாதிரி, கையில வேணும். அது அதிகபட்சம் மூணு மாச வாடகை வரை கேட்கலாம். ஹீட்டிங், தண்ணி சேர்க்காத அடிப்படை வாடகையைத்தான் இதுக்குக் கணக்குல எடுக்கணும். அதையும் மூணு மாசத் தவணையாகக் கட்ட சட்டமே இடம் கொடுக்குது. வீட்டுக்காரர் தானா சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்கணும். இதோட முதல் மாச வாடகை, செமஸ்டர் கட்டணம், ரூம் கிடைக்கும் வரை தங்குற செலவு எல்லாம் சேரும். அதனால பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு வெளியே குறைஞ்சது 2,000 யூரோவாவது தனியா வச்சிருங்கன்னு நான் சொல்வேன். லோன் தொகை கேட்கும்போதே இதைச் சேர்த்துக் கேளுங்க, விமானம் ஏறின பிறகு கேட்க முடியாது. இன்னொண்ணு, ரூமை நீங்களோ நம்பிக்கையான ஒருத்தரோ நேர்ல பார்க்காம, "சாவியை கூரியர்ல அனுப்பறேன்"னு சொல்றவங்களுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீங்க.

மத்த செலவுகளைச் சீக்கிரம் பார்த்துடலாம். மாணவர் மருத்துவ இன்சூரன்ஸ் இப்பவே மாசம் 140 யூரோவைத் தாண்டியாச்சு, அந்த 137ல அடங்காது. ரேடியோ டிவி கட்டணம் 18.36 யூரோ, டிவியே இல்லைன்னாலும் கட்டணும். ஆனா வீட்டுக்கு ஒரு கட்டணம்தான், நாலு பேர் இருந்தா பிரிச்சுக்கலாம். நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போக டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023ல் 49 யூரோவாக ஆரம்பிச்சு, 2026 ஜனவரியிலிருந்து 63 ஆகிடுச்சு. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே மாணவர் டிக்கெட் சேர்ந்திருக்கும், அதைப் பார்க்காம தனியா வாங்காதீங்க. குழாய்த் தண்ணியைத் தாராளமா குடிக்கலாம். பாட்டில் வாங்கினா 25 சென்ட் டெபாசிட், காலி பாட்டிலைக் கடையில இருக்கிற மெஷினில் போட்டு திரும்ப வாங்கிக்கோங்க. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கலைன்னா அன்னைக்கு வெளியில் சாப்பிட்டே பட்ஜெட் போயிடும்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பிளாக்டு அக்கவுண்ட் ஒரு வருஷத்துக்குத்தான். ரெசிடென்ஸ் பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது, செலவுக்குப் பணம் இருக்குன்னு மறுபடியும் காட்டச் சொல்வாங்க. முதல் வருஷமே லோன் மொத்தமும் கரைஞ்சுட்டா, அந்த நேரத்தில் நகையைத்தான் தேடணும். இரண்டாம் வருஷத் தொகையை இப்பவே தனியா எழுதி வைங்க. பார்ட் டைம் சம்பளத்தில் பையன் சமாளிச்சுப்பான்னு விட்டுடாதீங்க.

அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கு ராத்திரியே, ஸ்வீட் வாங்குறதுக்கு முன்னாடி, அந்த ஊர் ஸ்டூடீரெண்டன்வெர்க் ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணிடுங்க. பல ஊர்களில் வெயிட்டிங் லிஸ்ட் மாசக்கணக்கில் போகுது. இரண்டு ஊரிலிருந்து லெட்டர் வந்திருந்தா இரண்டிலும் அப்ளை பண்ணுங்க, எங்க முதல்ல ரூம் உறுதியாகுதுன்னு பார்த்து முடிவெடுங்க. படிப்பு முடிஞ்சு கிளம்பும்போது அந்த கௌட்சியோனை முழுசா திரும்ப வாங்குறது எப்படின்னு அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.