கோட்டுப் பைக்குள் ஒரு குண்டு

1865 ஏப்ரல் 14. வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டரில் காமெடி நாடகம். மேல்மாடத்தில் மனைவியுடன் ஜனாதிபதி லிங்கன். உள்ளே வந்த ஜான் வில்க்ஸ் பூத் அங்கே அடிக்கடி வந்துபோகும் பிரபல நடிகன். அவன் பையில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

இருந்தது, உள்ளங்கையில் மறைத்துவிடக்கூடிய துப்பாக்கி. சுமார் 6 அங்குல நீளம். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்த நேரம் பார்த்துச் சுட்டான். அதில் ஒரே ஒரு குண்டுதான்! மறுபடி சுட, குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அதற்கெல்லாம் ஏது நேரம்? துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு, பிடிக்க வந்த மேஜர் ராத்போனைக் கத்தியால் வெட்டினான். மேடையில் குதித்துத் தப்பினான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார்.

அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர். பாவம், இவர் கதை வேறு. இவர் பெயரையே பொறித்துப் போலிகள் விற்க, கலிபோர்னியாவில் கோர்ட் வரை போனது வழக்கு. ஆனாலும் பெயரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆங்கிலத்தில் ஒரு 'ஆர்' கூடுதலாக ஒட்டிக்கொண்டு, யார் செய்த குட்டித் துப்பாக்கிக்கும் அதுவே பெயராகிவிட்டது. அகராதியில் இருப்பதும் அந்தத் தப்பான ஸ்பெல்லிங்தான்!

பூத்தின் துப்பாக்கி, அதே தியேட்டரின் மியூசியத்தில் இருக்கிறது.